பெர்னபியூவுக்கு முதலில் போனவர்

2023-இல் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜூட் பெல்லிங்ஹாம் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்குப் போனபோது ஒரு பழைய பட்டியல் மறுபடி கைக்குக் கை மாறியது. அவருக்கு முன்னால் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்ட ஆங்கிலேயர்கள் யார் யார்? ஸ்டீவ் மக்மனமன், டேவிட் பெக்காம், மைக்கேல் ஓவன், ஜொனாதன் வுட்கேட். இவர்களெல்லாம் 1999-க்கும் 2004-க்கும் நடுவில் போனவர்கள். பட்டியலின் உச்சியில், இவர்களுக்கெல்லாம் 20 வருடம் முன்னால், ஒரு பெயர் தனியாக நிற்கும்: லாரி கன்னிங்ஹாம், 1979.

அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அபாரமான திறமை, ஆனால் இரவுக் கேளிக்கையில் வீணாகிவிட்டது என்று. எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. அவருடைய பதினைந்து வருட ஆட்ட வாழ்க்கையை வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் தெரிவது வேறு. பாதை போடப்படாத இடத்தில் முதலில் நடந்த மனிதர் அவர். ஒரு கால்விரல் முறிவும், அந்தக் காலத்து லீக் விதி ஒன்றும், இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் இருந்த தூரமும் சேர்ந்து அவருடைய கதையை எழுதின. அதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கன்னிங்ஹாம் 1956 மார்ச் 8 அன்று வடக்கு லண்டனின் ஆர்ச்வே பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். சிறுவனாக அர்செனல் கிளப்பின் இளையோர் பிரிவில் இருந்தார். அவர்கள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து கிழக்கு லண்டனில் உள்ள ஓரியன்ட் என்ற சின்ன கிளப்புக்குப் போனார். அப்போது அது இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. மேனேஜர் ஜார்ஜ் பெட்சி பொறுமைசாலி. கன்னிங்ஹாம் பயிற்சிக்கு அடிக்கடி தாமதமாக வருவார், அபராதம் கட்டுவார். நடனப் போட்டிகளில் ஜெயித்த பணத்தில்தான் அந்த அபராதத்தைக் கட்டினார் என்று ஓரியன்ட் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள்.

நடனம் என்றதும் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இதே நடனத்தை அவர் மேல் குற்றமாகச் சுமத்தப்போகிறார்கள். கன்னிங்ஹாம் ஆடிய பழைய படச்சுருள்களைப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். அவர் ஓடும்போது தரையில் பாதம் பட்டதே தெரியாது. உடம்பின் மேல்பாதி நிமிர்ந்து அசையாமல் இருக்கும், இடுப்புக்குக் கீழே எல்லாம் நடக்கும். தடுக்க வருபவர் எந்தக் காலில் எடை வைத்திருக்கிறார் என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கம் நழுவிவிடுவார். இது நடனக்காரரின் சமநிலை. கார்னர் கிக்கைக்கூட பாதத்தின் வெளிப்புறத்தால் அடிப்பார். பந்து எல்லோரும் எதிர்பார்ப்பதற்கு நேரெதிர் பக்கம் வளையும். களத்தில் அவரை வேறொருவராக்கியது அந்த நடனம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1977 மார்ச்சில் வெஸ்ட் ப்ராம்விச் ஆல்பியன் அவரை வாங்கியது. அடுத்த மாதமே, ஏப்ரல் 27 அன்று, ஷெஃபீல்டில் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் இறங்கினார். தொழில்முறை அளவில் இங்கிலாந்து சட்டை போட்ட முதல் கறுப்பின வீரர் அவர்தான். அந்த ஆட்டத்தின் ஒரே கோலும் அவருடையது.

வெஸ்ட் ப்ராம்விச்சில் அவருக்கு இரண்டு தோழர்கள் அமைந்தார்கள். பிரெஞ்சு கயானாவில் பிறந்த சிரில் ரெஜிஸ், கிரெனடாவில் பிறந்த பிரெண்டன் பாட்சன். முதல் டிவிஷன் அணி ஒன்றில் மூன்று கறுப்பின வீரர்கள் ஒன்றாக ஆடுவது அப்போது மிக அபூர்வமான காட்சி. மேனேஜர் ரான் அட்கின்சன் அவர்களை ஒரு அமெரிக்கப் பெண் பாடகர் குழுவின் பெயரை வைத்து 'த்ரீ டிகிரீஸ்' என்று அழைத்தார், பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. விளம்பரத்துக்கு நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த நிலைமை கொடுமையானது. நேஷனல் ஃப்ரன்ட் என்ற இனவெறிக் கட்சி மைதான வாசல்களில் துண்டுப் பிரசுரம் விநியோகித்த காலம் அது. கறுப்பின வீரரின் காலில் பந்து பட்டால் கூட்டம் குரங்குபோல் சத்தமிடும், வாழைப்பழம் எறியும். மிரட்டல் கடிதங்கள் வரும். ரெஜிஸுக்கு ஒருமுறை தபாலில் துப்பாக்கித் தோட்டாவே வந்தது.

1978 டிசம்பர் 30 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் நடந்த ஆட்டத்தை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். மான்செஸ்டர் யுனைடெட்டை அவர்கள் ஊரிலேயே வெஸ்ட் ப்ராம்விச் 5-3 என்று வென்றது. கன்னிங்ஹாம் ஒரு கோல், ரெஜிஸ் ஒரு கோல். ஆங்கிலேய லீக்கின் மிக அழகான ஆட்டங்களில் ஒன்றாக இன்றுவரை அதைச் சொல்கிறார்கள். அதன் ஒளிப்பதிவில் கன்னிங்ஹாம் பந்தைத் தொடும்போதெல்லாம் கூட்டம் கூச்சலிடுவது தெளிவாகக் கேட்கும். வர்ணனையாளர் ஜெரால்ட் சின்ஸ்டாட் தன் வர்ணனையிலேயே அந்தக் கூச்சலைக் குறிப்பிட்டுக் கண்டித்தார். அந்தக் காலத்தில் அபூர்வமான காரியம். அதே கூச்சலுக்கு நடுவில் கன்னிங்ஹாம் யுனைடெட்டின் தடுப்பாளர்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அந்த சீசன் முடிவில் வெஸ்ட் ப்ராம்விச்சுக்கு லீக்கில் மூன்றாவது இடம்.

அந்த ஓல்ட் டிராஃபோர்ட் ஆட்டத்துக்கு ஒரு மாதம் முன்பு, நவம்பரில், இன்னொரு ஆட்டம் நடந்திருந்தது. ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூஃபா கோப்பையில் ஸ்பெயினின் வலென்சியாவோடு அவர்கள் ஊரில். 1-1 என்று முடிந்தது. வெஸ்ட் ப்ராம்விச்சின் கோலை அடித்தவர் கன்னிங்ஹாம். வலென்சியா அணியில் மரியோ கெம்பஸ் இருந்தார். அந்த வருட உலகக் கோப்பையை அர்ஜென்டினாவுக்கு வென்று தந்தவர். அவர் ஆடிய மைதானத்தில் அன்று எல்லோரும் பேசியது இங்கிலாந்திலிருந்து வந்த 22 வயது இடது விங்கரை, அதாவது ஓரத்தில் ஓடித் தாக்கும் ஆட்டக்காரரைப் பற்றி. ஸ்பெயினில் அவர் பெயர் பரவியது அந்த இரவில்தான்.

அடுத்த கோடையில் ரியல் மாட்ரிட் 9,50,000 பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. விலை கொடுத்து அந்த கிளப் வாங்கிய முதல் பிரிட்டிஷ் வீரர்.

சரி, அதுவரை ஏன் ஒருவரும் போகவில்லை? இதை விளக்காமல் மேலே போனால் அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியாது.

ஆங்கிலேய வீரர்கள் வெளிநாடு போகாததற்கு 'வீட்டு ஏக்கம்' என்று ஒரு சுலபமான காரணம் சொல்வார்கள். உண்மையில் கதவுகள் இரண்டு பக்கமும் மூடி மூடித் திறந்தன. இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரை வீரர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது, வாரத்துக்கு 20 பவுண்டு. வேல்ஸ்காரரான ஜான் சார்ல்ஸ் 1957-இல் யுவென்டஸ் போய் அங்கே கொண்டாடப்பட்டார். 1961-இல் ஜிம்மி கிரீவ்ஸ் ஏசி மிலானுக்கும், ஸ்காட்லாந்தின் டெனிஸ் லாவும் இங்கிலாந்தின் ஜோ பேக்கரும் டொரினோவுக்கும் போனார்கள். மூவருமே நிலைக்கவில்லை. கிரீவ்ஸ் 12 லீக் ஆட்டங்களில் 9 கோல் அடித்தும், அங்கிருந்த கெடுபிடி பிடிக்காமல் சில மாதங்களிலேயே டாட்டன்ஹாமுக்குத் திரும்பிவிட்டார். உச்சவரம்பு நீங்கியதும் ஊரிலேயே நல்ல சம்பளம் கிடைத்தது. போக வேண்டிய தேவை குறைந்தது.

அந்தப் பக்கம், ஸ்பெயின் 1962 உலகக் கோப்பைத் தோல்விக்குப் பிறகு வெளிநாட்டு வீரர்களை வாங்கத் தடை போட்டது. 1973-இல்தான் அதை நீக்கியது. இத்தாலி 1966-இல் மூடிய கதவை 1980-இல்தான் திறந்தது. ஆக, ஒரு தலைமுறை முழுவதற்கும் தெற்கு ஐரோப்பா அடைந்து கிடந்தது.

1977-இல் கெவின் கீகன் லிவர்பூலை விட்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் போனதுதான் திருப்பம். அங்கே 1978, 1979 இரண்டு வருடமும் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். ஆங்கிலேயர் ஒருவர் வெளியே போய் முன்பைவிடப் பெரிய ஆட்டக்காரராக வளர முடியும் என்று அவர் காட்டினார். இதோடு பணக்கணக்கும் சேர்ந்துகொண்டது. பிரிட்டனில் அதிகபட்ச வருமான வரி 1979 வரை 83 சதவீதம். அந்தக் கோடையில் கன்னிங்ஹாம் மாட்ரிட் போனார், அந்த வருடக் கடைசியில் டோனி வுட்காக் ஜெர்மனியின் கொலோன் போனார்.

ஆனால் ஹாம்பர்க்கும் மாட்ரிட்டும் ஒன்றில்லை. ரியல் மாட்ரிட் அப்போதே ஆறு முறை ஐரோப்பியக் கோப்பை (கிளப்புகளுக்கானது, இன்றைய சாம்பியன்ஸ் லீகின் முன்னோடி) வென்ற கிளப். ஸ்பெயின் லீக்கில் ஓர் அணிக்கு இரண்டு வெளிநாட்டு வீரர்கள் மட்டுமே. அந்த இரண்டு இடத்தில் ஒன்றில் ஜெர்மனியின் உலி ஸ்டீலிகே இருந்தார், இன்னொன்று கன்னிங்ஹாமுக்கு. கோடிக்கணக்கான கண்கள் பார்க்கும் இடம், ஒரு மாதம் சரியாக ஆடாவிட்டால் கேள்வி வரும் இடம். 23 வயது, மொழி தெரியாது, தொழில்முறைக் காலத்தில் இதற்கு முன் இங்கே ஆடிய ஒரு ஆங்கிலேயர்கூட இல்லை, யாரிடமும் போய் எப்படி என்று கேட்கவும் முடியாது.

ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானமான பெர்னபியூவில் அவர் ஆடிய முதல் லீக் ஆட்டம், அதே வலென்சியாவுக்கு எதிராக. இரண்டு கோல் அடித்தார்.

1979-80 சீசனை அவருடைய வாழ்வின் உச்சம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. அந்த சீசனின் நடுவில் வருகிறது 1980 பிப்ரவரி 10. பார்சலோனாவின் கேம்ப் நௌ மைதானம். மாட்ரிட் அணி அங்கே ஆடுவது என்பது வெறும் லீக் ஆட்டம் கிடையாது. மாட்ரிட்டிலிருந்து ஆண்ட ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் முடிந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை, பார்சலோனா பக்கத்துக் கேட்டலோனியர்களுக்கு அந்த வெள்ளைச் சட்டை அந்த ஆட்சியின் அடையாளமாகவே தெரிந்தது. அங்கே மாட்ரிட் 2-0 என்று வென்றது. அன்று கன்னிங்ஹாம் இடது பக்கத்தில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து பார்சலோனா ரசிகர்களே கைதட்டினார்கள். எதிரி மைதானம் மாட்ரிட் வீரர் ஒருவருக்குக் கைதட்டியது என்பதை ஸ்பெயினில் இன்றைக்கும் பேசுகிறார்கள். ஓல்ட் டிராஃபோர்டில் கூச்சல் கேட்ட அதே கால்களுக்கு, பதினான்கு மாதத்தில், கேம்ப் நௌவில் கைதட்டல். நான் இந்த இரண்டு நாட்களையும் எப்போதும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

லீக்கில் அந்த வருடம் ரியல் சொசியேடாட் கடைசிக்கு முந்தைய ஆட்டம் வரை தோற்கவே இல்லை. அதில் செவில்லாவிடம் தோற்றது. மாட்ரிட் ஒரே புள்ளி வித்தியாசத்தில் கோப்பையைத் தூக்கியது. அப்புறம் ஸ்பெயினின் உள்நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரே இறுதியாட்டத்தில், விநோதமாக, தன் சொந்த இரண்டாம் அணியான காஸ்டில்லாவையே 6-1 என்று வென்று இரட்டைக் கோப்பை.

ஒன்றே ஒன்று நழுவியது. ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் எதிரணி ஹாம்பர்க், அதாவது கீகன். வெளிநாட்டில் ஆடிய இரண்டு பெரிய ஆங்கிலேயர்கள் ஒரே களத்தில் எதிரெதிரே நின்றார்கள். மாட்ரிட்டில் 2-0 வெற்றி. திரும்ப ஹாம்பர்க்கில் 5-1 தோல்வி, அந்த ஒரு கோல் கன்னிங்ஹாம் அடித்தது. அந்த வருடத்து இறுதியாட்டம் பெர்னபியூவில்தான் நடப்பதாக இருந்தது. சொந்த ஊரில் நடந்த இறுதிக்கு மாட்ரிட் போக முடியவில்லை. அங்கே வந்து கோப்பையை வென்றது நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்ட். அதன் வலது பின்கள வீரர் விவ் ஆண்டர்சன், இங்கிலாந்தின் முதன்மை அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர்.

இங்கிலாந்து அணியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கன்னிங்ஹாம் 1979 மே மாதம் வேல்ஸுக்கு எதிராக முதன்மை அணியில் முதலில் ஆடினார். 1980 இலையுதிர் காலத்தோடு எல்லாம் முடிந்தது. மொத்தம் ஆறே ஆட்டம். ரியல் மாட்ரிட்டோடு இரட்டைக் கோப்பை வென்ற விங்கருக்கு, நாடுகள் மோதும் 1980 யூரோ போட்டிக்குப் போன இங்கிலாந்து அணியில் இடமில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது? இன்றைக்கு மாட்ரிட் ஆட்டம் ஒன்று முடிந்த பத்து நிமிடத்தில் லண்டனில் இருப்பவர் அதன் ஒவ்வொரு நொடியையும் பார்த்துவிடலாம். அன்றைக்கு ஸ்பெயின் லீக் ஆட்டம் இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் வராது. தேசிய அணியின் மேலாளர் நேரில் போய்ப் பார்த்தால்தான் உண்டு. வெளிநாட்டு கிளப் தன் வீரரை நட்பு ஆட்டங்களுக்கு எளிதில் அனுப்பாது. கீகன் இங்கிலாந்து அணியின் கேப்டனாகவே இருந்ததால் அவருக்கு இது உறைக்கவில்லை. அணியில் இன்னும் இடம் பிடிக்காத ஒருவர் வெளிநாடு போனால், கண்ணுக்கு மறைவது கருத்துக்கும் மறைவதுதான். அவர் நிறம் இதில் எவ்வளவு பங்கு வகித்தது என்று அளந்து காட்ட முடியாது. ஆனால் அது எப்படிப்பட்ட காலம் என்று மேலேயே சொல்லியிருக்கிறேன்.

இனி அந்தக் கால்விரல்.

1980 நவம்பரில் ரியல் பெட்டிஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய கால் பெருவிரல் முறிந்தது. கேட்பதற்குச் சின்னக் காயம் மாதிரி இருக்கும். விங்கருக்கு அது சின்னதல்ல. நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று அடி பாய்வதுதான் விங்கரின் தொழில், அந்தப் பாய்ச்சலின் கடைசி உந்துதல் பெருவிரலில்தான் இருக்கிறது. திடீரென நின்று திசை மாறும்போதும் எடை முழுக்க அங்கேதான் இறங்கும். அந்த நாளைய ஆட்டத்தில் பின்னாலிருந்து காலை வாரினாலும் பல நேரம் மஞ்சள் அட்டைகூட வராது. திறமையான விங்கர்களை இப்படித்தான் நிறுத்தினார்கள்.

அறுவை சிகிச்சை நடந்தது. கட்டோடு இருந்த நாட்களில் அவர் ஒரு டிஸ்கோவுக்குப் போனதைப் பார்த்துவிட்டார்கள். பத்திரிகைகளில் வந்தது, கிளப் பெரிய தொகையை அபராதமாக விதித்தது. 'இரவுக் கேளிக்கை' கதை முழுவதும் ஏறி நிற்பது பெரும்பாலும் இந்த ஒரு சம்பவத்தின் மேல்தான். அவர் போனது தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு மாலை நேரத்தை வைத்து ஒரு மனிதனின் பத்து வருடத்தை விளக்கக் கூடாது. கால் குணமாகாததற்கு டிஸ்கோ காரணமென்றால், அடுத்தடுத்து வந்த முழங்கால், தொடைக் காயங்களுக்கு எது காரணம்? அவை அவசரமாகத் திரும்ப வந்து ஆடியதால் வந்தவை என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு காலில் வலி இருந்தால் உடம்பு மறுகாலில் சாயும், ஓட்டத்தின் ஒழுங்கே மாறும், அப்புறம் வேறோர் இடம் பழுதாகும்.

அவசரத்துக்குச் சாட்சி 1981 மே 27. பாரிஸில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், ரியல் மாட்ரிட்டும் லிவர்பூலும். பல மாதமாகச் சரியாக ஆடாத கன்னிங்ஹாமை பயிற்சியாளர் வுயாதின் போஸ்கோவ் தொடக்கத்திலேயே இறக்கினார். ஒரு காலத்தில் தடுப்பாளர்களை நிற்க வைத்துவிட்டுப் போனவர், அன்று மற்றவர்களோடு சேர்ந்து ஓடவே சிரமப்பட்டார். 82-வது நிமிடத்தில் லிவர்பூலின் ஆலன் கென்னடி கோல் போட்டார், 1-0. ஆங்கிலேயர் ஒருவர் ரியல் மாட்ரிட்டுக்காக ஐரோப்பிய இறுதியில் ஆடிய முதல் ஆட்டம் இப்படிப் போனது.

அடுத்த சீசனில் மறுபடி காயம், கொஞ்சமே ஆடினார். 1982 மார்ச்சில் யூஃபா கோப்பைக் காலிறுதியில் ஜெர்மனியின் கைசர்ஸ்லாடர்னிடம் மாட்ரிட் 5-0 என்று நொறுங்கிய இரவில் அவருக்குச் சிவப்பு அட்டை. பிறகு 1982 கோடையில் கிளப் நெதர்லாந்தின் ஜான் மெட்காடை வாங்கியது. ஸ்டீலிகே, மெட்காட். இரண்டு வெளிநாட்டு இடமும் நிரம்பிவிட்டது. இதுதான் நான் முதலில் சொன்ன விதி. கன்னிங்ஹாம் அப்போதும் மாட்ரிட்டின் ஒப்பந்த வீரர், சம்பளம் வருகிறது, பயிற்சி செய்கிறார். ஆனால் லீக்கில் ஆட முடியாது. இன்று போல ஐரோப்பிய நாட்டவர் என்பதால் வெளிநாட்டுக் கணக்கிலிருந்து விலக்கு கிடையாது. பெல்ஜிய வீரர் ஒருவர் தொடுத்த போஸ்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வரம்பை உடைத்தது 1995 டிசம்பரில்தான். காயமடைந்த வெளிநாட்டு வீரருக்கு அந்த விதி எவ்வளவு இரக்கமற்றது என்று யோசித்துப் பாருங்கள். உள்ளூர் வீரர் குணமாகி வரும்வரை பெஞ்சில் காத்திருக்கலாம். வெளிநாட்டுக்காரருக்குக் காத்திருக்க பெஞ்சே இல்லை.

அதே கோடையில் உலகக் கோப்பை ஸ்பெயினில் நடந்தது. இங்கிலாந்து இரண்டாம் சுற்றில் ஆடிய இரண்டு ஆட்டமும், மேற்கு ஜெர்மனியோடும் ஸ்பெயினோடும், பெர்னபியூ மைதானத்தில். இரண்டும் 0-0. ஒரு கோல்கூட அடிக்க முடியாமல், ஆனால் தொடர் முழுக்கத் தோற்காமல் இங்கிலாந்து வெளியேறியது. அந்தப் புல்லை அந்த நாட்டில் யாரையும்விட நன்றாக அறிந்த ஆங்கிலேயர் அணியில் இல்லை. உடல்நிலை பார்த்தால் அவரை எடுத்திருக்கவும் முடியாது. இருந்தாலும் அந்த ஆட்டங்களின் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் இடது பக்க ஓரக்கோட்டில் என் கண் தானாகப் போய் நிற்கும்.

அதன் பிறகு ஆறேழு வருடம் ஊர் ஊராக அலைந்தார். 1983-இல் கடனாக மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு, பழைய மேனேஜர் அட்கின்சனிடம். ஐந்து லீக் ஆட்டம், ஒரு கோல், உடல் தயாராக இல்லாததால் அந்த வருடம் இங்கிலாந்தின் உள்நாட்டுக் கோப்பையான எஃப்ஏ கோப்பையின் இறுதியில் ஆடவில்லை. அடுத்து ஸ்பெயினின் ஸ்போர்டிங் கிஹோன், பிரான்ஸின் மார்செய், இங்கிலாந்தில் லெஸ்டர், மாட்ரிட்டின் தொழிலாளர் பகுதி கிளப்பான ராயோ வயெகானோ, பெல்ஜியத்தின் சார்லரோவா. இந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் 'வீழ்ச்சி' என்று எழுதுவார்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. பழைய வேகம் போய்விட்டது என்று தெரிந்த பிறகும், நான்கு நாடுகளில் ஒன்றில் யாராவது கூப்பிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய் ஆடியவர். ஆட்டத்தின் மேல் ஆசை இல்லாதவர், கேளிக்கைதான் முக்கியம் என்றிருந்தவர், இதைச் செய்திருக்க மாட்டார்.

அந்த அலைச்சலின் நடுவே அழகான திருப்பம் ஒன்று உண்டு. 1988-இல் லண்டனின் விம்பிள்டன் கிளப்பில் சேர்ந்தார். பத்து வருடம் முன்பு நான்காம் டிவிஷனில் இருந்த, முரட்டு ஆட்டத்துக்குப் பேர்போன அணி. உயரமாகத் தூக்கி அடித்து முட்டி மோதி ஆடும் கூட்டத்தில் கன்னிங்ஹாம் போன்ற நளினக்காரர். மே 14, வெம்ப்ளியில் எஃப்ஏ கோப்பை இறுதி. எதிரே லிவர்பூல், அந்த வருட லீக் சாம்பியன். விம்பிள்டனின் லாரி சான்செஸ் தலையால் முட்டிய கோலில் 1-0. கோல்கீப்பர் டேவ் பீசன்ட் பெனால்டியைத் தடுத்தார். எஃப்ஏ கோப்பை இறுதியில் பெனால்டி தடுக்கப்பட்டது அதுவே முதல்முறை. இரண்டாம் பாதியில் மாற்று வீரராக இறங்கிய கன்னிங்ஹாம், கடைசியில் வென்றவர்கள் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். பாரிஸில் லிவர்பூலிடம் 1-0 என்று தோற்றவருக்கு ஏழு வருடம் கழித்து அதே லிவர்பூலுக்கு எதிராக அதே 1-0.

அந்தப் பதக்கத்தோடு இங்கிலாந்திலேயே இருந்திருக்கலாம். திரும்ப மாட்ரிட்டுக்கே போனார். ஸ்பெயின் அதற்குள் அவர் வீடாகியிருந்தது. மனைவி ஸ்பெயின்காரர், சின்ன வயது மகன். மறுபடி ராயோ வயெகானோ, இரண்டாம் டிவிஷன். பெர்னபியூவிலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆனால் வேறு உலகம்: சின்ன மைதானம், கோல் கம்பத்துக்குப் பின்னால் வீட்டுச் சுவர்கள். அங்கே 32 வயதில் அந்த சீசன் ஆடினார். 1989-இல் ராயோ முதல் டிவிஷனுக்கு ஏறுவதை உறுதி செய்த கோலை அடித்தவர் கன்னிங்ஹாம். வேகம் போன கால்கள்தான். ஆனால் அடுத்த சீசனில் ராயோ பெர்னபியூவுக்கே போய் ரியல் மாட்ரிட்டோடு லீக் ஆட்டம் ஆடும்.

1989 ஜூலை 15 அதிகாலை மாட்ரிட்டின் வெளிப்புறத்தில் நடந்த கார் விபத்தில் அவர் இறந்தார். வயது 33. சிரில் ரெஜிஸ் நண்பனின் மரணம் தன்னை உலுக்கி மதநம்பிக்கையின் பக்கம் திருப்பியதைப் பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லிவந்தார்.

அவர் இறந்து பத்து வருடம் கழித்துத்தான் அடுத்த ஆங்கிலேயர் ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். 1999-இல் ஸ்டீவ் மக்மனமன், அவரும் விங்கர்தான், லிவர்பூலில் ஒப்பந்தம் முடிந்து போஸ்மன் தீர்ப்பின்படி விலையில்லாமல் போனார். அவர் போன நேரத்தில் ஐரோப்பிய நாட்டவருக்கு இட வரம்பு இல்லை. காயமானாலும் பெஞ்சில் இடம் உண்டு. இரண்டாவது வருடம் கிளப் புதிதாக நட்சத்திரங்களை வாங்கி அவரை விற்கப் பார்த்தபோதுகூட, போக மாட்டேன் என்று சொல்லி நான்கு வருடம் நின்றார். 2000-த்தில் அதே பாரிஸில், வலென்சியாவுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அந்தரத்தில் வந்த பந்தை அப்படியே அடித்து ஒரு கோல். இரண்டு சாம்பியன்ஸ் லீக், இரண்டு ஸ்பெயின் லீக். மக்மனமன் பிடிவாதமும் உழைப்பும் உள்ளவர், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கன்னிங்ஹாமுக்கு 1982-இல் அந்த இட வரம்பு மட்டும் இல்லாதிருந்தால் என்று கேட்காமல் என்னால் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியவில்லை.

கிழக்கு லண்டனில் ஓரியன்ட் மைதானத்துக்கு எதிரே கொரனேஷன் கார்டன்ஸ் என்றொரு பூங்கா இருக்கிறது. 2017-இல் அங்கே கன்னிங்ஹாமுக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 2019-இல் வெஸ்ட் ப்ராம்விச்சிலும் ஒன்று. அதில் அவரும் ரெஜிஸும் பாட்சனும் மூவருமாக. ரெஜிஸ் அதற்கு முந்தைய வருடம் இறந்துவிட்டிருந்தார். சிலை திறந்தபோது மூவரில் பாட்சன் ஒருவர்தான் உயிரோடு இருந்தார்.